வி.சி. முதல் முகநூல் வரை

2024 மாரியில் எங்கள் ஒழுங்கை வடிகான் அடைத்துக்கொண்டது. முற்றத்துத் தண்ணீர் படியேறியது. பக்கத்து வீட்டு ராத்தா வந்து, "தம்பி, நீங்க எழுதப் படிச்ச ஆள். சபைக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்களன்" என்றார். உறுப்பினரிடம் போகலாம் என்றால் அப்போது உறுப்பினரே இல்லை. 2023 மார்ச் 19உடன் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. ஆகவே படம் எடுத்துச் சபையின் முகநூல் பக்கத்தில் போட்டேன். பலர் விருப்பம் தெரிவித்தார்கள். 'கவனத்திற் கொள்ளப்படும்' என்று ஒரு வரி வந்தது. அத்தோடு சரி.

சபைக்கும் சனத்துக்கும் இடையிலான பேச்சு நம் நாட்டில் எப்படி நடந்து வந்திருக்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம், வயற்காரர்கள் கூடித் தமது பழைய வழமைகளை விதிகளாக்கிக்கொள்ள இடம் கொடுத்தது. விதைப்புக்கு முன் தண்ணீர் திறக்கும் நாளையும் மாடுகளை அகற்றும் நாளையும் தீர்மானிக்கின்ற ஆரம்பக் கூட்டம் இன்றும் நம் பக்கத்தில் நடக்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். 1865இல் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் கிடைத்தன. கிராமங்களுக்கு 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஊரவர் கூடிக் குழுவைத் தெரிவு செய்யலாம், விதி ஆக்கலாம். ஆனால் தலைமைக் கதிரை அரசாங்க உத்தியோகத்தருக்கு உரியது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமேயில்லை. பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது.

பின்னர் இந்தக் குழுக்கள் கிராம சபைகளாயின. வாப்பாவின் தலைமுறை அதை 'வி.சி.' என்றே சொல்லும். வி.சி. சேர்மன் பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகை முடித்து வரும்போது வழிமறித்து, "மதகு உடைஞ்சு கிடக்கு சேர்மன்" என்று சொன்னதை வாப்பா அடிக்கடி நினைவுகூருவார். சொன்னவரும் கேட்டவரும் ஒரே சப்பில் நின்றவர்கள். மதகைக் கட்டாமல் மறுநாள் அதே வழியால் சேர்மன் போக முடியாது.

1981இல் அந்த நெருக்கம் அறுந்தது. மாவட்ட அபிவிருத்தி சபைகளுக்காக 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் கலைக்கப்பட்டன. 632 வாசல்கள் இருந்த இடத்தில் 24 வாசல்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. தூரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பழைய வி.சி.யின் எல்லைக்கு அது திரும்பவில்லை. 2018 தேர்தலில் வட்டார உறுப்பினர் முறை மீண்டது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தது.

இன்று முகநூலும் வட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழும்பிப் பேசத் தயங்கும் ராத்தா, குரல் பதிவில் தன் வடிகான் கதையை மூன்று நிமிடம் தெளிவாகச் சொல்கிறார். 1871இன் சட்டம் கேட்காத குரல் அது. ஆனால் அந்தக் குரல் போய்ச் சேரும் இடம் எது?

இதை அறியத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதில் ஒழுங்காகவே வந்தது: குறித்த வடிகான் பற்றிய முறைப்பாடு எதுவும் பதிவேட்டில் இல்லை. ஊரே பார்த்த படம், சபையின் புத்தகத்தில் இல்லை!

பிழை முகநூலில் இல்லை. சனம் நேரில் சொன்னாலும் தொலைபேசியில் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு இலக்கமும் திகதியும் பொறுப்பாளரும் வேண்டும். அது சபையின் கூட்டறிக்கைக்குப் போக வேண்டும். வி.சி. காலத்தில் பதிவேடு செய்ய வேண்டிய வேலையைப் பாதி முகப்பழக்கமே செய்தது. இன்று சபை தூரத்தில் இருக்கிறது, ஆகவே பதிவேடுதான் முழுவதையும் செய்ய வேண்டும்.

2025 மே 6இல் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். ராத்தா சொல்லச் சொல்ல அவருடைய வார்த்தைகளிலேயே கடிதம் எழுதினேன். அவரே கையொப்பமிட்டார். இருவருமாகச் சபைக்குப் போய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வந்தோம். வடிகான் இன்னும் திருத்தப்படவில்லை. பிரதியை ராத்தா குர்ஆன் வைக்கும் அலுமாரியில் பத்திரப்படுத்தியிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு தானே போவதாகச் சொல்கிறார்.