கென்யாவின் காழி நீதிமன்றங்கள்

மொம்பாஸாவை உள்ளடக்கிய பத்து மைல் அகலக் கடற்கரைப் பகுதி ஒரு காலத்தில் ஸன்ஸிபார் சுல்தானுக்கு உரியது. 1895இல் அதன் நிர்வாகம் ஆங்கிலேயரிடம் சென்ற பின்னரும் காழிகள் தொடர்ந்து தீர்ப்பளித்தனர். 1963 அக்டோபரில் அப்பகுதியைக் கென்யாவுடன் இணைக்க உடன்பாடு ஏற்பட்டபோது, காழிகளின் அதிகாரம் காக்கப்படும் எனப் பிரதமர் ஜோமோ கென்யாட்டா எழுத்தில் உறுதியளித்தார். மறு ஜனவரியில் புரட்சி வெடித்து, சுல்தானின் ஆட்சி கவிழ்ந்தது. உறுதி பெற்றவர் போனார். உறுதியோ அரசமைப்புச் சட்டத்தில் நிலைத்தது.

உண்மையான சோதனை 2010இல் வந்தது. புதிய அரசமைப்பின் வரைவில் காழி நீதிமன்றங்கள் இடம்பெறுவதைத் திருச்சபைத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர். பழைய சட்டத்தில் அவை இடம்பெற்றதே மதச்சார்பின்மைக்கு முரண் என உயர் நீதிமன்றமும் மே மாதம் கூறிற்று. ஆயினும் ஆகஸ்ட் 4ஆம் நாள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் வரைவை ஏற்றனர். காழிகளுக்காக மட்டும் அவர்கள் வாக்களித்தனர் என்று சொல்வதற்கில்லை. 47 கவுண்டிகளுக்கு அதிகாரம் பகிர்வது உள்ளிட்ட பலவும் அதில் இருந்தன. எனினும் கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் நாடு, காழி நீதிமன்றங்களைக் காரணம் காட்டி அதை நிராகரிக்கவில்லை.

170ஆம் பிரிவின்படி திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, தனிநபர் நிலை ஆகியவற்றையே காழி விசாரிக்கலாம். வழக்கின் தரப்பினர் அனைவரும் முஸ்லிம்களாக இருப்பது மட்டும் போதாது. அந்நீதிமன்றத்திற்கு அவர்கள் இணங்கவும் வேண்டும். சிலருக்கு இந்நிபந்தனை குறையாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கணவனின் சொத்தில் தன் பங்கைக் கோரும் ஒரு விதவையை, அவள் விருப்பத்திற்கு மாறாகக் காழியின் முன் நிறுத்த அங்கே எவருக்கும் உரிமையில்லை.