பற்றாக்குறை வீட்டுக்கா, அறைக்கா? சென்னையின் மறுகுடியமர்த்தலும் வளரும் வீடும்

இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று மதிப்பிட்டது. வீட்டு வசதி பற்றிய உரைகளில் இந்த எண் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதன் உட்பிரிவுகள் கவனம் பெறுவதில்லை. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, நெரிசலால் வந்த கணக்கு: கூரையும் சுவரும் இருக்கின்றன, மணமான இணையருக்குத் தனி அறை இல்லை. வீடே இல்லாத குடும்பங்கள் சுமார் 5.3 லட்சம்தான். அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே நம் நகர ஏழைகளில் பெரும்பாலோருக்கு இல்லாதது புது வீடு அன்று. இருக்கும் இடத்திலேயே இன்னும் ஓர் அறை. நோயை இப்படிப் புரிந்துகொண்டால் மருந்தும் மாறியாக வேண்டும். சென்னை அரை நூற்றாண்டில் இரண்டு மருந்துகளையும் கொடுத்துப் பார்த்த நகரம் என்பதால், இந்த வாதத்தைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதலில் செய்தது, குடிசைகள் இருந்த இடத்திலேயோ அருகிலேயோ அடுக்கு வீடுகள் கட்டித் தருவது. 2000 வாக்கில் போக்கு மாறியது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் என்று தெற்கு எல்லையில் ஒரு தனி நகரமே எழுந்தது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. எண்ணிக்கையில் இது பெரிய சாதனை. ஆனால் நானூறு சதுர அடிக்கு உட்பட்ட அந்த வீடு முதல் நாளே தன் முழு வளர்ச்சியையும் முடித்துவிடுகிறது. மகனுக்குத் திருமணம் ஆனால் ஆறாம் மாடியில் எந்தச் சுவரைத் தள்ளி அறை எடுப்பது? தள்ளுவண்டியை இரவில் எங்கே நிறுத்துவது? மாவரைத்து விற்பவர் லிஃப்ட் நின்ற நாளில் என்ன செய்வார்? மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு வீட்டு வேலை தொடங்கும் பெண் அவ்வளவு தொலைவிலிருந்து எந்தப் பேருந்தில் வருவார்? நெரிசலைத் தீர்க்கக் கட்டிய வீட்டுக்குள் ஒரு தலைமுறையில் நெரிசல் திரும்பி வருவதற்கான ஏற்பாடு வரைபடத்திலேயே இருக்கிறது. கட்டுமானம் எவ்வளவு தரமாக இருந்தாலும் இந்தக் குறையை அது ஈடுசெய்யாது.

இதே நகரத்தில், 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ், உலக வங்கி உதவியுடன் வேறொன்றும் நடந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. தெரு, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், பள்ளிக்கான இடம் ஆகியவற்றோடு சிறு மனை பிரித்துக் கொடுத்தது. சிலவற்றில் கழிப்பறையும் ஓர் அறையும் மட்டும் கட்டித் தந்தது. மிச்சத்தைக் குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டன. முதலில் ஓர் அறை, பிறகு வெளிப்புறப் படிக்கட்டு, அதன்மேல் வாடகைக்கு விட ஒரு மாடி அறை, தெருவைப் பார்த்த முன்பகுதியில் ஒரு கடை. இப்படி வளரும் வீட்டில் வடிவமைப்பாளரின் பங்கு குறைவு என்று நினைப்பது தவறு. மனையின் அகலம், தெருவின் ஒழுங்கு, குழாய் போகும் பக்கம், பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்றுச் சிறு மனைகளின் விலையைத் தாங்கும் கணக்கு என எல்லாம் கூர்மையான வடிவமைப்பே. கட்டடத்தின் முகப்பை வரைவதைவிட இது கடினமான வேலை என்பது என் கருத்து.

இத்தகைய திட்டங்களை 1990களில் உலக வங்கியே ஏறக்குறையக் கைவிட்டது. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, நடுத்தர வர்க்கம் வாங்கிவிடுகிறது என்பவை குற்றச்சாட்டுகள். முதல் குற்றச்சாட்டைக் காலம் தீர்த்துவிட்டது. இரண்டாவதில் உண்மை உண்டு. கைமாறிய மனைகள் நிறைய. ஆயினும் சென்னை, மும்பைத் திட்டங்களை இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்து 2018இல் ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, அவை பல வருவாய்ப் பிரிவினரும் சேர்ந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக மலர்ந்திருப்பதைக் காட்டியது. மனையைச் சிறிதாகப் பிரித்ததே ஓரளவு காப்பு, ஏனெனில் வசதி படைத்தவருக்கு அது போதாது. இன்னொரு தடை பாதுகாப்பு பற்றியது: அவரவர் கட்டினால் இடிந்து விழாதா? இந்த அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு, மேலும் இரண்டு தளம் தாங்கும் அடித்தளத்தை முதலிலேயே போட்டுக் கொடுப்பதும், மாதிரி வரைபடத்தையும் பொறியாளரின் ஆலோசனையையும் வார்டு அலுவலகத்திலேயே கிடைக்கச் செய்வதும்தான். கட்டுவதையே தடுத்தால், வரைபடம் இல்லாமல் கட்டுவதுதான் மிஞ்சும்.

ஆற்றங்கரையில் மக்களை வெள்ளத்துக்கு விட்டுவிட முடியாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. முடியாதுதான். ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். பெருமழைக்கு அங்கும் தண்ணீர் தேங்குகிறது. கரையிலிருந்து அகற்றுவது வேறு, நகரிலிருந்தே அகற்றுவது வேறு. முதலாவதை ஏற்பவர் இரண்டாவதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எஞ்சுவது நில விலை. நகருக்குள் நிலம் விலை அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவான நிலத்தில் அரசு மிச்சப்படுத்தும் பணம் எங்கும் போய்விடவில்லை. பேருந்துக் கட்டணமாக, இழந்த வேலையாக, பாதியில் நின்ற படிப்பாக மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் கணக்கில் ஏறுகிறது. சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் 2004இல் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு இதே சிக்கலை நேரே எதிர்கொண்டது. முப்பது ஆண்டுகளாக நகர நடுவில் குடியிருந்த சுமார் நூறு குடும்பங்களை அதே அரை ஹெக்டேரில் இருத்த வேண்டும். அரசு மானியமோ குடும்பத்துக்கு 7,500 டாலர். பணத்தை முதலில் நிலத்துக்குக் கொடுத்துவிட்டு, சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச் சுவர் என ஒரு குடும்பம் தானே கட்டக் கடினமான பாதியை மட்டும் அவர்கள் கட்டினார்கள். மறுபாதிக்கு வெற்றிடம் விட்டார்கள். மக்கள் அதை நிரப்பினார்கள்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டம் தயாராகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் நில விலையை ஏற்றிவருகிறது. நிலையங்களிலிருந்து நடக்கும் தொலைவில் அரசுத் துறைகளுக்கும் வாரியங்களுக்கும் எஞ்சியிருக்கும் நிலங்களை முழுமைத் திட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். அவற்றில் ஒரு பகுதியைச் சிறு மனைகளுக்கும் வளரும் வீடுகளுக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். அந்த நிலங்களை ஏலத்தில் விற்றுவிட்டால், அவற்றை மீட்டெடுக்க எந்த வடிவமைப்பாலும் இயலாது.