டியூ மாசாமாசம், லோடு தீபாவளிக்கு: ஒரு சிவகாசி லாரியின் கணக்கு

போன எபிசோடில் தீப்பெட்டி பற்றிப் பேசினோம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதை. இந்த முறை, அந்தப் பெட்டிகளையும் பின்னால் வந்த பட்டாசையும் ஊருக்கு வெளியே கொண்டுபோற வண்டியைப் பற்றி. குறிப்பா, ஒரே ஒரு லாரி வைத்துக்கொண்டு, அதைத் தானே ஓட்டுகிறவரைப் பற்றி. ஒரு டிரிப் முடிஞ்சா அவர் கையில என்ன நிக்குது?

விருதுநகர் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் வாடகையைத்தான் சொல்வாங்க. வாடகை பெரிய தொகையாத்தான் இருக்கும். அதில் எவ்வளவு அவருடையது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு.

1939 மோட்டார் வாகனச் சட்டம் லாரிக்குப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. எந்த வட்டாரத்தில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை அரசு முடிவு செய்தது. ரயில்வேயின் சரக்கை லாரி தட்டிப் பறிக்கக் கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பெர்மிட் அரிதாக இருந்ததால் பெர்மிட்டே ஒரு சொத்து. அது கையில இருந்தவர் முதலாளி, ஸ்டியரிங் பிடிச்சவர் டிரைவர். 1975-இல் நேஷனல் பெர்மிட் வந்தது, அதுவும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. 1988-ஆம் வருடச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தக் கதவு நன்றாகத் திறந்தது.

பெர்மிட் கிடைக்கும், வண்டிக்குப் பணம்? வீடு வாசல் இல்லாத டிரைவருக்கு வங்கி கடன் தராது. 1979-இல் சென்னையில் ஆர். தியாகராஜனின் ஸ்ரீராம் குழுமம் ஆரம்பித்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், பழைய லாரி வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுத்துத்தான் வளர்ந்தது. டிரைவர் ஓனராக முடிந்ததற்கு இந்த மாதிரிக் கடன் ஒரு பெரிய காரணம். நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனா பெர்மிட்டும் கடனும் எல்லாருக்கும் கிடைத்ததும், புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. நீங்க இந்த வாடகைக்கு வரலைன்னா பின்னாடி நிக்கிறவர் வருவார். ஓனரானார், விலை சொல்லும் இடம் மட்டும் கிடைக்கல.

இப்ப கணக்குக்கு வருவோம். சிவகாசியிலிருந்து டெல்லிக்கு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர்னு வைங்க. லோடோட போற பத்து சக்கர வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்குதுன்னும் வைங்க. போக மட்டும் 650 லிட்டர். 2016 தொடக்கத்தில் சென்னையில் டீசல் 50 ரூபாய்க்குக் கீழே. அதாவது 32,500 ரூபாய்க்குள் முடிஞ்சது. 2021 அக்டோபரில் அதே டீசல் 100-ஐத் தாண்டியது. அதே ரோடு, அதே வண்டி, 65,000-க்கு மேல. டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2014 அக்டோபரில் நீக்கியது. 2017 ஜூனிலிருந்து விலை தினமும் மாறியது. 2014-இல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த மத்திய கலால் வரி, 2020 மே மாதம் 31 ரூபாய் 83 காசு. பம்ப்பில் விலை மாறும். புக்கிங் ஆபீஸில் பேசின வாடகை, வண்டி நாக்பூர் தாண்டும்போது மாறாது.

வண்டி நின்னாலும் ஓடுகிற செலவு வேற. 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் பிரீமியம் 43,950 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நாளைக்கு 120 ரூபாய்னு வைங்க, பொங்கல் அன்னைக்கும் சேர்த்து. காலாண்டு வரி, நேஷனல் பெர்மிட் கட்டணம். எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. பழைய வண்டிதானே கடனில் வாங்கியிருக்கார்! அப்புறம் கப்பலூரில் ஆரம்பித்து டெல்லி வரைக்கும் டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன், பத்து டயர், மாமூல். கடைசியா சொன்னதுக்கு ரசீது கிடையாது.

இதுல எழுதாம விடுற ஒரு வரி இருக்கு. அவ்வளவு தூரத்துக்கு ரெண்டு டிரைவர் வேணும். ஒருத்தருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்து எழுதிடுவார். இன்னொரு சீட்டில் அவரே. அந்தச் சம்பளத்தை அவர் தனக்கு எழுதிக்கிறதே இல்ல. கடைசியில் மிஞ்சுவதை லாபம்னு சொல்றார். இன்னொருத்தர் வண்டியை ஓட்டியிருந்தா வந்திருக்கும் கூலிதான் அதில் பெரும்பகுதி. சில டிரிப்பில் அதுகூட இல்ல. டெல்லியில் ரிட்டன் லோடுக்கு நாலு நாள் காத்துக் கிடந்தா, அந்த நாலு நாளும் அவர் கணக்குதான்.

சிவகாசிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டியூ மாசாமாசம் வரும், பட்டாசு லோடு தீபாவளியை ஒட்டி வரும். லாரியில் ஸ்பார்க் அரெஸ்டர் வேணும், ஆபத்தான சரக்கு ஓட்டப் பயிற்சி பெற்றதை லைசென்ஸில் பதிந்திருக்க வேணும். ஆபத்துன்னா நிஜமான ஆபத்து. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் வண்டியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்து உயிர்கள் போயின. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் சரக்கு இறக்கும்போது தீ. 14 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த சீசனும் நிச்சயமில்லை. 2017 அக்டோபர் 9, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அடுத்த வருடம் அக்டோபர் 23-இல் சரவெடிக்குத் தடை, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும். காற்று கெட்டுப்போன நகரத்துக்கு அது நியாயம். அதோட விலை யார் வீட்டுக் கணக்கில் ஏறுச்சுன்னும் பார்க்கணும். நவம்பரில் பூட்டிய ஆலைகள் 2019 மார்ச்சில்தான் திறந்தன. தொழிலாளிகளைப் பற்றிச் செய்தி வந்தது. ஆலை வாசலில் காத்திருந்த லாரிகளுக்கும் அந்த நாலு மாசமும் டியூ இருந்தது. சிலருக்குக் கைகொடுத்தது காலண்டர் லோடு, அதுவும் ஜனவரியோடு தீர்ந்துவிடும். அந்தக் காலண்டர் கதை அடுத்த எபிசோடில்.