கூர்க்கா என்னும் சொல்லும் ஒரு பாடகனின் முகமும்

தமிழ்த் திரைப்படங்களிலே கூர்க்கா என்பவன் இரவில் தடியூன்றி வரும் காவற்காரன், பெரும்பாலும் நகைப்புக்குரியவன். ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் நம் மொழியில் ஒரு தொழிலின் பெயராகிவிட்டமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பெயரின் சுமை எத்தகையது என்பதை 2007ஆம் ஆண்டில் இந்தியத் தொலைக்காட்சியில் நடந்த பாட்டுப் போட்டியொன்று புலப்படுத்திற்று. பாட்டுப் போட்டி வரலாற்றாய்வுக்கு உரிய பொருளோ என ஐயுறுவோர் உளராயின், அதன் விளைவுகளை நோக்குதல் வேண்டும்.

1814 முதல் 1816 வரை நேபாளத்துடன் போரிட்ட ஆங்கிலேயர், எதிரிகளாய் நின்ற கூர்க்கரையே தம் படையிற் சேர்த்துக்கொண்டனர். 1835இல் சிக்கிம் மன்னரிடமிருந்து பெற்ற டார்ஜிலிங் மலையிற் பின்னர் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, நேபாளி மொழி பேசுவோர் அங்குத் தொழிலாளராகப் பெருகினர். தலைமுறைகள் பல கடந்தும் இந்தியக் குடிகளான இவர்களை அயல்நாட்டினர் எனக் கருதும் வழக்கம் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட நம் மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தார்க்கு இவ்வச்சத்தை விளக்கவேண்டியதில்லை. 1986இல் மூண்ட தனிமாநிலக் கிளர்ச்சி ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1988இல் மலை மன்றம் ஒன்று அமைந்தது. சுபாஷ் கீசிங் அதன் தலைவரானார்.

பிரித்தானியாவில் 2001இல் தோன்றிய போட்டியொன்றின் வழிவந்ததே 2004இல் தொடங்கிய ‘இந்தியன் ஐடல்’. நடுவர் தேர்வு ஒரு கட்டத்துடன் நின்றுவிட, எஞ்சியதைத் தொலைபேசி வாக்குகளே தீர்மானித்தன. அதன் மூன்றாம் தொடரில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் பாடினார். தந்தை இறந்தபின் கொல்கத்தாப் பொலிசிற் கொன்ஸ்தாபிளாகச் சேர்ந்தவர் அவர். அவருக்காக மலையெங்கும் இரசிகர் மன்றங்கள் தோன்றின, நிதி திரட்டப்பட்டது, தொலைபேசி நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். தம்மைப் போன்ற முகமொன்றை நாடு முழுவதும் பார்க்கவேண்டும் என்பதே அவர்தம் வேட்கையாயிருந்தது எனலாம். பாட்டின் தரம் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டமையை மறைத்தற்கில்லை.

இறுதிச் சுற்றில் அவரை எதிர்த்தவர் ஷில்லொங்கைச் சேர்ந்த அமித் பால். இவர் ஒரு வங்காளி. 1979இல் வங்காளிகளுக்கெதிரான வன்முறையைக் கண்ட நகரம் ஷில்லொங். அங்குப் பழங்குடியல்லாதார் வந்தேறிகளாகவே எண்ணப்பட்டனர். ஆயினும் காசி மக்களும் அமித்துக்கு வாக்களித்தனர். மேகாலய அரசு அவரைச் சமூக நல்லிணக்கத்தின் தூதுவராக அறிவித்தது. ஒரே போட்டி ஒரு மலையில் இனவெல்லையைச் சிறிது காலமேனும் தளர்த்தியது, மற்றொன்றில் இறுக்கியது. இவ்வேறுபாடு நம் ஆய்வாளரின் கவனத்தைப் பெறாதிருப்பது வியப்பே.

செப்டெம்பர் 23ஆம் நாள் பிரசாந்த் வென்றார். சில நாள்களுள் டில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர், கூர்க்கர் பாடப் போய்விட்டால் நம் வீடுகளையும் கடைகளையும் காப்பவர் யார் என்ற பொருள்பட நகையாடினார். வெற்றிமாலை வாடுமுன் காவற்காரன் தடி மீண்டும் கையில் திணிக்கப்பட்டது. செப்டெம்பர் 28இல் சிலிகுரியிற் கண்டனம் தெரிவிக்கச் சென்ற இரசிகருக்கும் உள்ளூராருக்கும் கலவரம் மூண்டது, ஊரடங்குச் சட்டம் பிறந்தது, இராணுவம் வந்தது.

கீசிங் இவ்வெழுச்சியிலிருந்து விலகி நின்றார். அவருடைய பழைய தோழர் பிமல் குருங் அதற்குத் துணைநின்றார். வாக்குச் சேர்க்கப் பழகிய இரசிகர் கூட்டம் அரசியற் கட்சிக்கு ஆயத்தமான அடித்தளமாயிற்று; ஒக்டோபர் 7ஆம் நாள் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா உதயமானது. 2008 மார்ச்சிற் கீசிங் பதவி துறந்தார். தனிமாநிலக் கோரிக்கை புத்துயிர் பெற்றது. கொலையோ பஞ்சமோ காரணமாயிருப்பின் வரலாற்றாசிரியர் எளிதில் நம்புவர். பாட்டுப் போட்டி என்றால் தயங்குகின்றனர். எனினும் இருபது ஆண்டுத் தலைமையொன்று ஆறு மாதத்திற் சரிந்ததை வேறெவ்வாறு விளக்குவது?

பாடகரோ கட்சியை நடத்தவில்லை, நடிப்புக்குச் சென்றார். 2010இல் வெளிவந்த நேபாளித் திரைப்படமான ‘கோர்க்கா பல்டன்’ அவருக்கு அளித்த வேடம் படைவீரன். 2025இல் ‘பாத்தால் லோக்’ இந்தித் தொடரின் இரண்டாம் பருவம் அளித்தது கொலையாளி வேடம்.