செக்ரோலும் செக்டிஸ்கும்

இலங்கையின் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரிந்திருக்கும் சொல் 'செக்ரோல்'. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்து, மூன்று வேளையும் கொழுந்து நிறுத்து, அந்திக்குச் செக்ரோல் ஏட்டில் பேர் போடுவார்கள். ஒரு நாள் கூலிக்கே எங்களிடம் 'பேர்' என்றுதான் பெயர். சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஒருமுறை அம்மா முழு நிறை கொடுத்தும் ஏட்டில் அரைப் பேர்தான் விழுந்திருந்தது. சம்பளம் போடுகிறவர் கண்ணில் கொழுந்து படாது, ஏடுதான் படும்.

இந்தச் 'செக்'கின் பூர்வீகம் பாரசீகத்து 'ஷா', அதாவது அரசன். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் போய் 'சத்ரங்' ஆனது. அரசக் காய்க்கு ஆபத்து என்றால் 'ஷா' என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அரசனை மறிப்பது எதையும் மறிப்பதாக விரிந்தது. பிழையை மறிக்கச் சரிபார்ப்பதும் 'செக்' ஆனது. கட்டம் போட்ட துணியில் காசெண்ணிய இங்கிலாந்துக் கருவூலம் 'எக்ஸ்செக்கர்'. பிரபுக்கள் வீட்டுப் பணியாளர் பெயரேடு 'செக்ரோல்'. துரைமாரோடு மலையேறியது அந்தப் பெயர்தான்.

யுனிக்ஸுக்கு டெட் கோவல்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே, விண்டோஸின் செக்டிஸ்க் என்ற வட்டுச் சரிபார்ப்பு நிரல்கள் இரண்டிலும் எழுத்து உதிர்ந்து ஒளிந்திருப்பதும் அதே செக். கணினி தொடங்கும்போது இவையும் முதலில் ஏட்டைத்தான் பார்க்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 கோப்பு முறையில் அமைந்த வட்டில் சூப்பர்பிளாக் என்ற தலையேடு உண்டு. அதில் 'சுத்தம்' என்றொரு கொடி. வட்டை இணைத்ததும் கொடி இறங்கும், முறையாகக் கழற்றினால் ஏறும். இடையில் கரண்ட் போனால் இறங்கியபடியே கிடக்கும். மழைக்கால மஸ்கெலியாவில் கரண்ட் போவது எங்களுக்குப் பழகிய கதை. மறுபடி கணினியைப் போட்டதும் எஃப்எஸ்சிகே வட்டு முழுவதையும் துருவும். கொடி ஏறியிருந்தால், 'சுத்தம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடும்.

கொடியே பொய் சொன்னால்? 2021 ஜனவரியில் விண்டோஸ் 10இல் அப்படி ஒரு பிழை வெளிப்பட்டது. குறிப்பிட்ட ஒரு பாதையைத் திறக்க முயன்றாலே போதும், ஒரு குறையுமில்லாத என்டிஎஃப்எஸ் வட்டின்மேல் 'கெட்டது' என்ற குறி விழுந்தது. கணினியை மறுபடி தொடங்கி செக்டிஸ்க் ஓட்டும்படி விண்டோஸ் சொன்னது. அந்த ஏப்ரலில் திருத்தம் வந்தது. எனக்கு அதைவிடப் பயம் மறுபுறத்துப் பொய்யில்தான். கெட்ட வட்டில் 'சுத்தம்' என்றிருந்தால் ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எழுத எழுதச் சேதம் பரவும். அதற்காகவே ஈஎக்ஸ்டி2 சோதனைக்கு 'எஃப்' என்ற கட்டளை எழுத்து இருக்கிறது: கொடி என்ன சொன்னாலும் சரி, வட்டைப் பார். வட்டைக் கழற்றிவிட்டுத்தான் அதை ஓட்ட வேண்டும்.

அம்மா அன்று முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று வேளை நிறைத்துண்டையும் மேசையில் வைத்தார். ஏட்டை ஒதுக்கிவிட்டுத் துண்டுகளைக் கூட்டினார்கள். பேர் முழுசாக விழுந்தது.