உகாண்டாவின் அரசு நிர்வாகச் சீர்திருத்தம்

கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவில் 1986க்குப் பிறகு, உலக வங்கி, பிரிட்டன் முதலான நன்கொடையாளர்களின் துணையோடு வரி, நிதி, பணியாளர், உள்ளாட்சித் துறைகளில் நடந்த மாற்றங்களின் தொகுப்பு. வளரும் நாடுகளின் அரசு இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது பற்றிய பேச்சில் உகாண்டா இரண்டு முறை மேற்கோள் காட்டப்படும். முதல் முறை பாராட்டாக, இரண்டாம் முறை எச்சரிக்கையாக.

1962இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் அரசுப் பணிக்கு நல்ல பெயர் இருந்தது. 1971 முதல் 1979 வரையிலான இடி அமீன் ஆட்சியும் பின்வந்த உள்நாட்டுப் போரும் அதைக் குலைத்தன. 1986 ஜனவரியில், பின்னர் அதிபரான யோவேரி முசெவெனியின் கிளர்ச்சிப் படை தலைநகர் கம்பாலாவைப் பிடித்தபோது, அரசு ஊழியரின் மாதச் சம்பளம் சில நாள் சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது. அதனால் அலுவலக நேரத்திலேயே வேறு பிழைப்பைப் பார்த்தார்கள். 1987இல் பழைய 100 ஷில்லிங்கைப் புதிய 1 ஷில்லிங்காக மாற்றியதோடு, மாற்றும் தொகையில் 30 விழுக்காட்டை அரசு வரியாகப் பிடித்துக்கொண்டது.

1991இல் வரி வசூல் நிதி அமைச்சகத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, உகாண்டா வருவாய் ஆணையம் என்ற தனி அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. அதன் ஊழியர்களுக்கு மற்ற அரசு ஊழியர்களைவிடப் பல மடங்கு சம்பளம். வசூல் சில ஆண்டுகள் நன்றாக உயர்ந்தது. பிறகு சம்பளத்தின் மதிப்பு தேயத் தேய லஞ்சமும் திரும்பி வந்தது. 2004இல் ஆணையத்தை மீண்டும் அடியிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

உண்மையான திருப்பம் 1992இல் வந்தது. நிதி அமைச்சகமும் திட்ட அமைச்சகமும் ஒன்றாக்கப்பட்டன. செயலராக இம்மானுவேல் துமுசீமே-முதெபிலே அமர்ந்தார். கஜானாவில் வந்த பணத்துக்கு மேல் செலவுக்கு ஆணை இல்லை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விலைவாசி அடங்கியது. பின்னாளில் அவர் மத்திய வங்கியின் ஆளுநராகி, 2022இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அதிபரிடமே இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் அதிகாரி கிடைத்தது உகாண்டாவின் அதிர்ஷ்டம். எந்த நன்கொடையாளரின் திட்ட வரைவிலும் அப்படி ஒரு இனத்தைச் சேர்க்க முடியாது. இதே காலத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. 1990இல் சுமார் 3,20,000ஆக இருந்த அரசு ஊழியர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆளே இல்லாதவர்களும் இதில் நீக்கப்பட்டனர்.

உகாண்டாவை உலகறியச் செய்தது பள்ளிக்கூட மானியக் கணக்கு. தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து, சம்பளம் அல்லாத செலவுகளுக்காக மத்திய அரசு மானியம் ஒதுக்கி மாவட்டங்கள் வழியாக அனுப்பிவந்தது. கல்விச் செலவு கூடியும் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் கணக்கு கூடவில்லை. பணம் எங்கே போகிறது என்று பார்க்க 1996இல் 250 அரசுப் பள்ளிகளின் பதிவேடுகள் புரட்டப்பட்டன. 1991 முதல் 1995 வரை ஒதுக்கிய தொகையில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு ஷில்லிங்கும் வரவில்லை. மீதி மாவட்ட அலுவலகங்களோடு நின்றுவிட்டது. வசதியான பெற்றோர் உள்ள பள்ளிகள், கேட்டு வாங்கத் தெரிந்தவை, சற்றுக் கூடுதலாகப் பெற்றன. ஏழைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கோ அப்படி ஒரு மானியம் உண்டென்பதே தெரியாது.

அரசு செய்தது எளிய காரியம். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை நாளிதழ்களில் அச்சிட்டது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னது. 2001இல் பார்த்தபோது மானியத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிகளை எட்டியிருந்தது. நாளிதழ் விற்கும் இடத்துக்கு அருகிலுள்ள பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதல் என்று ஆய்வாளர்கள் ரித்வா ரெய்னிக்காவும் யாகோப் ஸ்வென்சனும் காட்டினர்.

இந்தக் கதை மாநாட்டுக்கு மாநாடு சொல்லப்பட்டு, பத்திரிகையில் போட்டால் போதும் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. அது சரியல்ல. அதே ஆண்டுகளில் வேறு பலவும் நடந்தன. 1997இல் குடும்பத்துக்கு நான்கு பிள்ளைகள்வரை தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. மானியம் எப்படிப் போகிறதென்று நன்கொடையாளர்களும் நிதி அமைச்சகமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். 1998இல் ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடித் திட்டத்தில் முதல் நாடாகச் சலுகை பெற்ற உகாண்டா, மிச்சமான பணத்தை வறுமை ஒழிப்பு நிதி என்ற தனிக் கணக்கில் காட்டியது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரொட்டிக்கு மட்டும் பெருமை சேர்ப்பது மிகை.

உள்ளாட்சி அமைப்பில் 1995 அரசியலமைப்பும் 1997 சட்டமும் ஊர் முதல் மாவட்டம்வரை ஐந்து படிகளை நிறுவின. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் தேர்தல் வந்தால் புதிய மாவட்டம் பிறக்கும். 1986இல் 33ஆக இருந்தவை 2010க்குள் நூறைத் தாண்டின. சொந்த வருவாய் இல்லாததால் ஒவ்வொன்றும் கம்பாலாவின் கையை எதிர்பார்த்தது.

2001 நிதிநிலை அறிக்கைச் சட்டம், 2003 பொதுநிதிச் சட்டம், அரசுக் கொள்முதல் ஆணையம், கணினி வழிக் கணக்கு என விதிகள் பெருகின. 2005இல் அதிபரின் பதவிக்கால வரம்பு நீக்கப்பட்டது. ஊழலில் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அரசியல் கணக்காயிற்று. 2012இல் தலைமைக் கணக்காயர் அறிக்கை, போரால் சிதைந்த வடக்குப் பகுதியின் மறுசீரமைப்புக்காக வந்த சுமார் 1.2 கோடி டாலர் பிரதமர் அலுவலகத்தின் வழியே தனியார் கணக்குகளுக்குத் திருப்பப்பட்டதை வெளிப்படுத்தியது. திருடப்பட்டது புதிய கணினி முறையின் உள்ளிருந்தபடியே. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் உதவியை நிறுத்தின. அயர்லாந்துக்கு அதன் 40 லட்சம் யூரோவை உகாண்டா திருப்பிக் கொடுத்தது.

2013இல் அரசின் சிதறிய வங்கிக் கணக்குகள் ஒரே கருவூலக் கணக்கின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு நிதி அமைச்சகம், மாவட்டங்களுக்குப் போகும் பணத்தைக் காட்டும் இணையதளம் ஒன்றையும், கேள்வி கேட்க விரும்புவோருக்குக் கட்டணமில்லாத தொலைபேசி எண் ஒன்றையும் தொடங்கியது.