கத்தி முதலில், ஊசி பிறகு: ரெஸ்டன் கதையைச் சரியாகச் சொல்வோம்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பார்க்க மலாக்கா பொது மருத்துவமனைக்குப் போனால் ஒரு கேள்வி காதில் விழும். தாதி "சூடா புவாங் ஆங்கின்?" என்பார். நம் பாட்டிமார் "காத்துப் பிரிஞ்சுச்சா?" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அறுவைக்குப் பிறகு குடல் சில நாள் அசையாமல் நின்றுவிடும், வயிறு உப்பும். காற்றுப் பிரிந்தால் குடல் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த உப்புசம்தான் 1971இல் உலகச் செய்தியானது. மலேசியா சீனாவுடன் தூதரக உறவு கொண்டது 1974 மே 31இல். அதற்கு மூன்றாண்டு முன்பு, நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தார். அங்கே குடல்வால் அழற்சி வந்து, ஜூலை 17இல் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு வயிறு உப்பி வேதனை. மருத்துவர் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைக் குத்தித் திருகினார். மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்ததாக ரெஸ்டன் ஜூலை 26 இதழில் எழுதினார்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "அக்குபங்சர் மூலமே மரத்துப்போகச் செய்து ஆப்பரேசன் செய்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மரத்துப்போக அவருக்குக் கொடுத்தது வழக்கமான மருந்து. அக்குபங்சர் வந்தது அறுவைக்குப் பிறகுதான்.

கையால் திருகுவதற்குப் பதில் ஊசியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையும் உண்டு. ஊசியின்றித் தோலில் பட்டை ஒட்டியும் செலுத்துவார்கள். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தினர் பெருங்குடல் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 165 பேரிடம் மின் ஊசி முறையைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் மலம் கழிய, மின் ஊசி பெற்றவர்களுக்குச் சராசரி 86 மணி நேரம். போலி ஊசி பெற்றவர்களுக்கு ஏறக்குறைய 108. எதுவும் பெறாதவர்களுக்கு 122. போலி ஊசி எதற்கு என்று மாணவர்களைக் கேளுங்கள். நம்பிக்கையால் வரும் பலனையும் சிகிச்சையால் வரும் பலனையும் பிரித்துப் பார்க்கத்தான். ரெஸ்டன் ஒருவர் மட்டுமே. அவருக்குத் தானாகவே சரியாகியிருக்கவும் கூடும்.

இது வெறும் தேர்வுக் குறிப்பு அல்ல. ஜாசின், அலோர் காஜா தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்த நம் குடும்பங்களில் வயித்து வலி என்றால் முதலில் எண்ணெய் போட்டு உருவுவார்கள், அப்புறம் சின்சே கடை, கடைசியில்தான் ஆஸ்பத்திரி. குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கதையை அரைகுறையாகச் சொன்னால் "ஊசி குத்தினாலே போதும்" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ரெஸ்டனைக் காப்பாற்றியது கத்தி. அவர் வயிற்றைத் தணித்ததாக அவர் சொன்னது ஊசி. இந்த வரிசையை வகுப்பில் மாற்றிவிடாதீர்கள்.